மஞ்சள் டேப்

அக்டோபர் 3, வெள்ளி

சலேத் மாதா போட்டில் பேட்டரி வேலை முடிந்தது. மூன்று நாள் பிடித்தது. தஸ்நேவிஸ் அண்ணன் கேரளாவிலிருந்து வாங்கி வந்த போட். எங்கள் புன்னைத்துறையில் இரண்டு எஞ்சின் உள்ள போட் இது ஒன்றுதான். ஆழ்கடலில் ஒன்று நின்றாலும் இன்னொன்று கரை சேர்க்கும் என்றுதான் மனிதர் ஆசைப்பட்டு வாங்கினார். உள்ளே இறங்கிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சின் இரண்டு, பேட்டரியோ ஒரே கட்டு. லைட், வயர்லெஸ், இரண்டு ஸ்டார்ட்டர் எல்லாம் அதிலேயே தொங்குகின்றன. அது தீர்ந்தால் இரண்டு எஞ்சினும் இரும்புக் குண்டு. எவன் செய்த வேலையோ, நல்லா இருக்கட்டும்.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். இடது எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, சிவப்பு டேப். வலது எஞ்சினுக்கு ஒன்று, பச்சை டேப். லைட், வயர்லெஸ், ஜிபிஎஸ், தண்ணீர் இறைக்கும் மோட்டார் இவற்றுக்குத் தனியாக இரண்டு பெரிய பேட்டரி, நீல டேப். எஞ்சின் ஓடும்போது எல்லாம் சார்ஜ் ஏறும். நின்றுவிட்டால் ஒன்றின் கரண்டை இன்னொன்று தொட முடியாது. நான்கையும் ஒரே மரப்பெட்டிக்குள் வைத்து மூடி போட்டாகிவிட்டது.

மஞ்சள் டேப் ஒன்றும் இல்லை. என் கணக்கில் மஞ்சள் என்றால் தற்காலிகம். வேலை முடிந்த அன்றே அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் எலக்ட்ரிக் கடை ஆணியில் மாட்ட வேண்டும். பதினெட்டு வருடமாக இதுதான் என் சட்டம்.

எஞ்சின் டிரைவர் வேறு யாருமில்லை, ரெமிஜியுஸ். என் தங்கை எஸ்கலினின் புருஷன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், கல்யாணப் பந்தி மாதிரி ஆளுக்கொரு எல போட்டு வச்சிருக்கேரு" என்றான்.

"சிரியும், சிரியும். ராத்திரி பூரா லைட்ட எரிய விடும். எஞ்சின் பேட்டரியில ஒரு சொட்டு கொறையாது. கொறஞ்சா எம் பேர மாத்தி வையும்."

"பெர்க்மான்ஸ்ங்கிற பேரே வாயில நொழையல. மாத்துனா நல்லதுதான்."

இவன் நாக்குக்கு எஸ்கலின் எப்படித்தான் ஈடுகொடுக்கிறாளோ.

வேலைக் குறிப்பு எழுத வேண்டிய டைரியில் நான் கதை எழுதுகிறேன் என்கிறாள் ஜெசிந்தா. பெண்டாட்டிக்கு வேறு வேலை இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

சலேத் மாதா ஓட்டிப் பார்த்தார்கள். லைட் பேட்டரியை வேண்டுமென்றே காலியாக்கிவிட்டு இரண்டு எஞ்சினையும் ஸ்டார்ட் செய்து காட்டினேன். ஒரே இழுப்பில் பிடித்தது. தஸ்நேவிஸ் அண்ணன் முதுகில் தட்டினார். வலித்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

மாதா திருவிழா. இந்த வருடம் மாதாவின் சுரூபத்தை, அந்தப் பெரிய சிலையை, கடலில் சுற்றிக்கொண்டு வரும் பாக்கியம் சலேத் மாதா போட்டுக்கு. கொடிமரம் முதல் பின்பக்கம் வரை சீரியல் பல்பு, நான்கு பெரிய ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர். எல்லாம் என் தலையில்தான்.

ஒரு சிக்கல். விரிகுடா நடுவில் போட்டை நிறுத்திச் சாமியார் மைக்கில் ஜெபம் சொல்வார், பிறகு பாட்டு. எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது. இரண்டையும் அரைமணி நேரம் நிறுத்த வேண்டும். அவ்வளவு பல்பையும் ஆம்ப்ளிஃபயரையும் லைட் பேட்டரி மட்டும் தாங்காது. ஜெபத்துக்கு நடுவில் மாதா இருட்டில் நின்றால் ஊர் என்னை உயிரோடு விடுமா? மூன்று முனை வைத்த ஒரு தடித்த கேபிள் செய்து, லைட் பேட்டரியையும் இரண்டு எஞ்சின் பேட்டரிகளையும் ஒன்றாக இணைத்தேன். மஞ்சள் டேப் சுற்றினேன். ரெமிஜியுஸுக்கு இது தெரியாது, அவன் பல்லக்கு தூக்கப் போயிருந்தான்.

ஒரு பல்பு கூட மங்கவில்லை. கரையில் நின்ற பெண்கள் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

அக்டோபர் 13, திங்கள்

சலேத் மாதா மாலை நான்கு மணிக்குக் கடலுக்குப் போனது. ஏழு பேர். திருவிழாச் சாமான் எல்லாம் கழற்றியாச்சு.

அக்டோபர் 16, வியாழன்

ஆட்டோ இரண்டு, செல்ஃப் மோட்டார். ஐஸ் கம்பெனி ஜெனரேட்டருக்கு பேட்டரி தண்ணீர் ஊற்றினேன். கையில் ஆசிட் பட்டுச் சட்டை ஓட்டை. ஜெசிந்தா ஏசினாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறதாம். பூசை முடியும் முன்பே போட்டெல்லாம் திரும்பத் தொடங்கிவிட்டன. மத்தியானத்துக்குள் பதினொன்று வந்தாயிற்று. சலேத் மாதா வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயர்லெஸ்ஸில் பேசினார்களாம், கணவாய் மீன் நன்றாகப் படுகிறது, ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறோம் என்று. சனிக்கிழமை கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

ரெமிஜியுஸ் பேராசைக்காரன். ராத்திரி லைட் போட்டுக் கணவாய் பிடிக்க உட்கார்ந்தால் கரையை மறந்துவிடுவான்.

அக்டோபர் 20, திங்கள்

வடகிழக்குக் காற்று பலமாக வீசுகிறது. தஸ்நேவிஸ் அண்ணன் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"பெர்க்கு, ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. ரெண்டு எஞ்சினும் ஒண்ணா நின்னிருக்குமா?"

"நடக்காதுண்ணே. தனித்தனி பேட்டரி. ஒண்ணு போனா ஒண்ணு."

"வயர்லெஸ் ஏன் பேசல?"

"ஏரியல் ஒடிஞ்சிருக்கும். காத்துதான இப்பிடி அடிக்கி."

"அப்ப வடக்க எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பானுவ, என்ன?"

"ஒதுங்கியிருப்பானுவ."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் போன பிறகு வேலை ஓடவில்லை. ஒரு ஹார்ன் வயரை மூன்று தடவை மாற்றி மாற்றிச் சுற்றினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

கடையைச் சுத்தம் செய்தேன். ரொம்ப நாளாகச் செய்ய வேண்டிய வேலை. ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் டேப் வயர்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். பதினாறு. டூல் பெட்டியைக் கவிழ்த்தேன். சீரியல் பல்பு மூட்டைகளைப் பிரித்தேன். ஸ்பீக்கர் வயர் சாக்கையும் கொட்டினேன். வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன்.

"என்ன தேடுதிய?" என்றாள் ஜெசிந்தா.

"ஒரு கேபிள்."

"எந்தக் கேபிள்?"

"ஒண்ணுமில்ல."

மத்தியானம் மீன்துறை அதிகாரி இரண்டு பேர் தஸ்நேவிஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரியவர் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். எஞ்சின் ஓடுகிற போட் என்றால் வடக்கே தீவுகளின் மறைவில் ஒதுங்கியிருக்கும், அங்கே தேட வேண்டும். எஞ்சின் நின்ற போட் என்றால் இந்தக் காற்று தென்மேற்கே குமரிக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போயிருக்கும், அங்கே தேட வேண்டும். இரண்டு பக்கமும் தேடக் கப்பல் இல்லை என்றார். "வயரிங் பண்ணினவர் நீங்கதான். மொத்த பேட்டரியும் ஒண்ணா தீர வாய்ப்பு இருக்கா?"

இல்லை என்று சொன்னேன். வாசலில் எஸ்கலின் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

வடக்கே தேடப் போகிறார்கள்.

அக்டோபர் 22, புதன்

மழை. கடை திறக்கவில்லை. எஸ்கலின் வீட்டுக்குப் போனேன். கஞ்சி வைத்திருந்தாள், சுட்ட கருவாடு. இரண்டு தம்ளர் குடித்தேன். பசித்தது, என்ன செய்ய.

"அவிய வந்தா, நீ எத்தன தம்ளர் குடிச்சன்னு கேட்டுச் சிரிப்பாவ" என்றாள். "வந்துருவாவல்லாண்ணே?"

"வந்துருவான்."

அக்டோபர் 23, வியாழன்

கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். மூன்று பேர் போனதும் வெளியே வந்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யார் பார்க்கப்போகிறார்கள்.

13ஆம் தேதி நான் போட்டில் ஏறியபோது பேட்டரிப் பெட்டியின் மூடி மேல் ஐஸ் கூடைகளை அடுக்கியிருந்தார்கள். ஆறு கூடை. இறக்கச் சொல்லியிருக்கலாம். திருவிழாக் களைப்பு, இடுப்பு வலி, எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். பல்பையும் ஸ்பீக்கரையும் மட்டும் கழற்றினேன். ரெமிஜியுஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கடலில் அவனே கழற்றிவிடுவான் என்று நினைத்தேன். அவன் கரையில் எஸ்கலினோடு பேசிக்கொண்டிருந்தான். சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். வந்ததும் டீ குடித்தேன். டீ குடித்ததில் மறந்துபோனேன். மறந்துபோய் "எல்லாம் கழற்றியாச்சு" என்று எழுதினேன்.

அந்தக் கேபிள் பெட்டிக்குள்தான் இருக்கிறது. விடிய விடிய லைட் எரிந்தால் மூன்றும் சேர்ந்து தீரும். எரிய விடச் சொன்னவனும் நான்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வாய் திறந்தால் இந்தத் துறையில் எவன் தன் போட்டில் என்னை ஏற்றுவான் என்று ஒரு பயம். எஸ்கலின் முகத்தை நினைத்தால் அதைவிடப் பெரிய பயம்.

அக்டோபர் 24, வெள்ளி

வடக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. நாளையோடு தேடுவதைக் குறைக்கப்போகிறார்கள் என்று எஸ்கலின் ஓடி வந்து சொன்னாள். தலை கூட வாரவில்லை.

"நீ சொன்னா அதிகாரி கேப்பாவண்ணே. போட்ட பத்தி ஒன்னய விடத் தெரிஞ்சவிய யாரு? இன்னும் ரெண்டு நாள் தேடச் சொல்லு."

எழுந்து தஸ்நேவிஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். போய்ச் சொன்னது வேறு.

"அண்ணே, எனக்கொரு சந்தேகம். ஒருவேள மொத்த பேட்டரியும் ஒண்ணா தீந்திருக்கலாம். உப்புத் தண்ணி ஏறி ஷார்ட் ஆயிருந்தா நடக்கும். தெக்க தேடச் சொல்லுங்க. குமரிக்குத் தென்மேக்க."

"அன்னைக்கு நடக்காதுன்னியே?"

"யோசிச்சுப் பாத்தேன்."

அவர் உடனே ஃபோன் எடுத்தார். உப்புத் தண்ணீர் என்று நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பொய் எவ்வளவு சுத்தமாக வருகிறது.

அக்டோபர் 25, சனி

கிடைத்துவிட்டார்கள். குமரிக்குத் தென்மேற்கே, விமானம் காலையில் பார்த்ததாம். மத்தியானம் கப்பல் போய்ச் சேர்ந்தது. கோவில் மணி அடித்தார்கள். தஸ்நேவிஸ் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஃபோன் வந்தது. போட்டில் இருப்பது ஆறு பேர்.

அக்டோபர் 27, திங்கள்

ஆறு பேரும் ஆஸ்பத்திரியில். போட்டை ஓட்டுகிற அமலதாஸுக்கு மட்டும் பேச முடிகிறது. உதடு வெடித்திருக்கிறது, கண் உள்ளே போய்விட்டது. நானும் எஸ்கலினும் போனோம். நான் சுவரோரமாக நின்றேன். அவர் எஸ்கலினைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வெள்ளிக்கெழம கணவா மேல வந்துச்சு, தாயி. ரெண்டு எஞ்சினையும் நிறுத்திட்டு எல்லா லைட்டையும் போட்டோம். நான்தான் கேட்டேன், பேட்டரி தாங்குமாலன்னு. மச்சான் வயரிங், விடிய விடிய எரியட்டும்னான் ரெமி. காலையில ரெண்டுமே புடிக்கல. வயர்லெஸ்ஸும் செத்துப்போச்சு. ரெமி கீழ எறங்கிப் பெட்டியத் தொறந்தான். ரொம்ப நேரம் மேல வரல. வந்து, 'பேட்டரி செல்லு பழசு, செத்துட்டு, யாரு மேலயும் தப்பு இல்ல'ன்னான். அதுக்கப்புறம் சிரிக்கவே இல்ல."

"எப்ப?" என்றாள் எஸ்கலின். அந்த ஒரு சொல்தான் கேட்டாள்.

"வியாழக்கெழம. இருட்டுத நேரத்துல தூரத்துல ஒரு கப்பல் போச்சு. லைட் இல்ல, அவனுக்கு எங்களத் தெரியாது. ரெமி சாக்க டீசல்ல முக்கிக் கொளுத்திக்கிட்டு கேபின் மேல ஏறிட்டான். வேண்டாம்னேன். கேக்கல. ஒரு அலதான் வந்துச்சு, தாயி. நீந்திப் போயிப் புடிக்க எங்க ஒருத்தனுக்கும் தெம்பு இல்ல."

நான் வரிசையை விட்டு வெளியே வந்த வியாழன்.

அக்டோபர் 28, செவ்வாய்

சலேத் மாதாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். தஸ்நேவிஸ் அண்ணன் பேட்டரியைப் பார்க்கச் சொன்னார். பெட்டியைத் திறந்தேன். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. மஞ்சள் இல்லை. மூன்று போல்ட்டிலும் ஸ்பேனர் வழுக்கிய புதுக் கீறல். கடலிலேயே கழற்றியிருக்கிறான்.

"உப்புத் தண்ணியா?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஆமாண்ணே."

துறையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். பெர்க்மான்ஸுக்கு மட்டும் தெற்கே என்று தோன்றாவிட்டால் ஆறும் போயிருக்கும் என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். நவம்பர் 9ஆம் தேதி பூசை முடிந்ததும் எனக்குச் சால்வை போட ஊர்க் கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய மகன் அந்த ஆறு பேரில் ஒருவன். கையை உருவிக்கொண்டு போகவும் எனக்குத் திராணி இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

கடை திறந்தேன். வேலை இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினார்கள். கடல் திருப்பித் தராதவர்களுக்கு, கல்லறைத் தோட்டத்தின் நடுவில் உள்ள பெரிய சிலுவையடிதான் இடம். அங்கே இருபது இருபத்தைந்து திரிகள் எரிந்தன. எஸ்கலின் ஒன்று கூடுதலாக ஏற்றினாள். காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினாள். நான் கையை மறைப்பாக வைத்தேன்.

மத்தியானம் கடைக்கு வந்தாள். கையில் ரெமிஜியுஸின் நீலக் கைலி, சுருட்டிய பொட்டலம்.

"அவிய பைய அமலதாஸ் அண்ணன் குடுத்து விட்டாவ. கைலிக்குள்ள இது இருந்துச்சு. மஞ்ச டேப்பு. ஓங் கடையிதுல்லா? ஒன்கிட்ட சேக்கணும்னு எடுத்து வச்சிருப்பாவ போல."

மூன்று முனை கேபிள். மடித்து, நூல் போட்டுக் கட்டியிருந்தான். கடலில் வீசியிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கழற்றி, யார் கண்ணிலும் படாமல் துணிக்குள் சுற்றி எனக்காகக் கொண்டு வந்துகொண்டிருந்தான். கரைக்கு வந்து தனியாகக் கூப்பிட்டு, பெயரை மாற்றி வையும் மச்சான் என்று ஏசியிருப்பான். ஏசிவிட்டு அதோடு விட்டிருப்பான்.

நான் வாங்கவில்லை. அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள், நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபத்துக்காக இணைத்தது, ஐஸ் கூடை, ஆணியிலிருந்து இறக்கிப் பார்த்த பதினாறு வயர், வரைபடம், உப்புத் தண்ணீர். எதையும் விடவில்லை.

முடிந்ததும் கேட்டாள்: "ஒனக்கு எந்தக் கெழம தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"சொன்னது?"

"வெள்ளிக்கெழம."

விரலை மடக்கினாள். செவ்வாய், புதன், வியாழன். மூன்றாவது விரலை மடக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெமிஜியுஸ் அந்த வியாழன் சாயங்காலம் வரை உயிரோடு இருந்தான். வடக்கே போன கப்பல் செவ்வாயன்றே தெற்கே போயிருந்தால் புதனோ வியாழனோ கண்டிருக்கும். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப புதன்கெழம தெரிஞ்சுக்கிட்டேதான் எங்க வீட்டுல ஒக்காந்து கஞ்சி குடிச்சியாண்ணே?"

"ஆமா."

"வந்துருவான்னு சொன்னியே."

அழுகை வந்தது. அவள் முன்னால் அழவும் எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். அவள் கேபிளைத் திரும்பக் கைலிக்குள் வைத்துச் சுற்றினாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். ஊருக்கு முன்னால நீ வாயத் தொறந்து சொல்லுத அன்னைக்குக் கொண்டாந்து தாரேன்."

படி இறங்கும்போது கால் தடுக்கியது. பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் மைக்கில் சொன்னேன். சால்வை போடவில்லை. தஸ்நேவிஸ் அண்ணன் எழுந்து வெளியே போனார். அமலதாஸ் கடைசி வரை கேட்டார்.

பதினொரு மணிக்கு எஸ்கலின் வந்தாள். கடைக்குள் வரவில்லை. தெருவில் நின்றே நீட்டினாள். கைலி அவளிடமே இருக்கிறது.

சலேத் மாதா போட்: மஞ்சள் டேப் கேபிள் ஒன்று, கடைக்கு வந்துவிட்டது. ஆணியில் மாட்டியாச்சு.